பிரிட்டனின் கிட்டார் நாயகர்கள் எங்கே போனார்கள்?

எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ், ஜெஃப் பெக் மாதிரி கிட்டார் நாயகர்கள் பிரிட்டனிலிருந்து இப்போது ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் இசை வந்து கிட்டாரை ஒழித்துவிட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நாயகர்களைப் பீடத்திலிருந்து முதலில் இறக்கியவர்கள் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர்களேதான். அதுவும் நடந்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

நீங்கள் கேட்ட மூவரும் 1944, 45-இல் பிறந்து, லண்டனுக்குத் தெற்கே சர்ரே பக்கம் வளர்ந்தவர்கள். மூவரும் ஓவியக் கல்லூரிக்குப் போனார்கள், மூவரும் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் வாசித்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுப் பழகிய கைகள். 1966-இல் வந்த ப்ளூஸ் பாடகர் ஜான் மேயலின் ஆல்பத்தில் கிளாப்டன் லெஸ் பால் என்ற ரக மின் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் செருகி, சத்தத்தை நன்றாக ஏற்றிவிட்டு வாசித்தார். ஆம்ப் திணறும்போது ஒலி தடித்து, ஒரே சுரம் பாடகரின் குரல் போல நீண்டு நிற்கும். அதற்கப்புறம் கிட்டார் வாசிப்பவர் மேடையில் பாடகருக்குச் சமமாக வந்து நின்றார்.

பத்து வருடம் கழித்து, எளிமையும் வேகமும் கோபமுமான பங்க் இசை வந்தது. கிட்டார் மட்டும் தனித்து ஒலிக்கும் நீளமான சோலோ என்றாலே வீண் ஜம்பம் என்றார்கள் அந்தப் பிள்ளைகள். 80-களில் தி ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் எவ்வளவோ திறமை இருந்தும் சோலோவைத் தவிர்த்தார். தந்திகளைத் தனித்தனியாக மீட்டி, பல கிட்டார் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாட்டுக்கே ஒரு நெசவு கொடுத்தார். நான் மிகவும் மதிக்கும் கலைஞர் அவர். 2000-இல் ரேடியோஹெட் என்ற ராக் குழு ‘கிட் ஏ’ ஆல்பத்தை வெளியிட்டபோது கிட்டாரே பெரும்பாலும் பின்னால் போய்விட்டது. அக்குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் இன்று பேர்பெற்ற திரைப்பட இசையமைப்பாளர்.

மற்ற காரணங்களும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதனால் கேட்பவரைப் பிடித்து நிறுத்தக் குரல் சீக்கிரம் வந்தாக வேண்டும், நீளமான கிட்டார் வாசிப்புக்கு இடமில்லை. சின்ன கிளப்புகளும் மூடிக்கொண்டே வருகின்றன. 2023-இல் மட்டும் பிரிட்டனில் 125 அரங்குகளில் இசை நிகழ்ச்சிகள் நின்றுபோனதாக, சிறு இசை அரங்குகளுக்காகப் பாடுபடும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் சொன்னது. வேகமாக விரல் ஓட்டிப் பழக வீடு போதும். ஆனால் கூட்டத்தின் முன் ஒரு சோலோவை வளர்த்துக்கொண்டு போவது மேடையில்தான் வரும். இந்த இழப்புதான் எனக்கு மிகவும் வருத்தம்.

இதையெல்லாம் தாண்டி வளர்ந்துகொண்டே இருந்தவர் ஜெஃப் பெக். தந்தி மீட்டும் சிறு வில்லையான பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் விரலால் மீட்ட ஆரம்பித்தார். கட்டைவிரல் தந்தியில், சுண்டுவிரல் வால்யூம் குமிழில், சுரத்தை ஏற்றி இறக்கும் ட்ரெமொலோ கம்பி உள்ளங்கைக்குள். இந்த மூன்றையும் ஒரே கையால் ஆண்டார். 2001 ஆல்பத்தில் அவர் வாசித்த ‘நாடியா’வைக் கேளுங்கள். பிரிட்டிஷ் இந்தியரான நிதின் சாஹ்னியின் பாட்டு அது. மூலத்தில் பாடகியின் குரல் குழைந்து இறங்கும் ஒவ்வொரு இடத்தையும் பெக் அந்த ட்ரெமொலோ கம்பியை லேசாக அழுத்தியும் விட்டும் கொண்டுவந்துவிடுகிறார். கமகம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே பிடிபடும். 2023 ஜனவரியில் அவர் போய்விட்டார், 78 வயது.

திறமைக்கு இன்றும் அங்கே பஞ்சமில்லை. இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் பிறந்த கிட்டார் கலைஞர் கத்ரி கோவன் ப்ளூஸ், ஜாஸ், மெட்டல் என எதையும் அநாயாசமாக வாசிப்பவர். திரைப்பட இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரின் மேடைக் கச்சேரிகளில் வாசித்திருக்கிறார். கிட்டார் கற்கிறவர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே பேர் தெரிந்தவர்கள் குறைவு. 1968-இல் அவர் இருபது வயதுப் பையனாக இருந்திருந்தால், இன்று உங்கள் கேள்வியில் நாலாவது பேராக இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.