பூச்செடிகள் நிறைய இருந்தும் வண்ணத்துப்பூச்சிகள் தங்காதது ஏன்?

பூ என்பது அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை மட்டுமே. குடியிருக்க, அவற்றின் புழுக்கள் தின்னும் இலை வேண்டும். உண்ணிச்செடியில் தேன் உண்டு. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடியின் இலையை நம் ஊர்ப் புழுக்கள் சீண்டுவதில்லை.

கறிவேப்பிலையிலிருந்து தொடங்குங்கள். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி அதன் கொழுந்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். இளம்புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். நானே ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவப் பார்த்தேன். வளர்ந்தபின் இலைப் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பான இரட்டைக் கொம்பு நீளும், கூடவே ஒரு நெடி. எதிரியை விரட்டும் வித்தை அது.

வேலியோரம் எருக்கு இருந்தால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வரும். எருக்கம் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

மருந்து மட்டும் தெளிக்காதீர்கள். இலை ஓட்டையாவதைப் பொறுக்க முடியாதவர்கள் சமையலுக்கு ஒரு கன்று, புழுக்களுக்கு ஒரு கன்று என்று வைத்துவிடலாம். புழுக்கள் பெருகினால் தையல்சிட்டு தானாகவே வரும்; அதன் குஞ்சுகளுக்கு அதுதான் உணவு.