பி.காம் முடித்தவர் பெரிய நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் அப்ரண்டிஸாகச் சேர்வது உதவுமா?

கும்பகோணத்தில் பி.காம் முடித்த தங்கையை காரைக்கால் ஓஎன்ஜிசி, திருச்சி பெல் மாதிரி இடங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள்.

நானும் டெல்டாவில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் இந்தப் பயிற்சி எடுத்தவன். ஆரம்பத்தில் ஃபைல் அடுக்கும் வேலைதான். அப்புறம் பில் பாஸ் செய்யும் பிரிவுக்கு அனுப்புவார்கள். உண்மையான படிப்பு அங்கேதான். பர்ச்சேஸ் ஆர்டர், பொருள் வந்து சேர்ந்ததற்கான பதிவு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் நகரும். தனிநபர் ஒப்பந்ததாரர் என்றால் 1%, கம்பெனி என்றால் 2% டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்து அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறையில் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2% தனி. கல்லூரியில் மனப்பாடம் செய்தும் பிடிபடாத இதெல்லாம், ஒரு கட்டட மராமத்து பில்லைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பளிச்சென்று புரிந்தது.

நிரந்தர வேலையை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்; 1961 அப்ரண்டிஸ் சட்டம் அந்த உறுதியைத் தரவில்லை. ஆனால் தஞ்சாவூர் ஆடிட்டர் அலுவலகமோ மன்னார்குடி அரிசி ஆலையோ, டிடிஎஸ் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. தேர்வு பெரும்பாலும் டிகிரி மதிப்பெண்ணை வைத்துத்தான், அதனால் மார்க் ஷீட்டைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.