குதிரைத்திறன் இருக்கட்டும், சூடு எங்கே போகும்?

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் வான்கெல் ரோட்டரி இன்ஜினைச் சிறு விமானத்தில் பொருத்துவது பற்றிய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலானவை இரண்டு ரோட்டர் கொண்ட மஸ்டா 13பி கார் இன்ஜின் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

*பிஸ்டன் இன்ஜினைவிட ரோட்டரி நம்பகமானது என்கிறார்களே, எதனால்? (டிப்ளமோ மாணவர், தருமபுரி)*

உள்ளே உடைவதற்கு இருப்பது குறைவு, தம்பி. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. ஷாஃப்ட் 6,000 சுற்றில் ஓடும்போது ரோட்டர் 2,000 சுற்றில்தான் சுழல்கிறது. மிகையாகச் சூடானாலும், வார்ப்பிரும்பு ரோட்டரைவிட அதைச் சுற்றியுள்ள அலுமினிய ஹவுசிங் அதிகம் விரிவதால், இறுகிப்போய் நிற்பது அரிது. சக்தி குறைந்தபடி ஓடி, இறங்க இடம் தேட நேரம் தரும். ஆனால் இந்த நற்சான்று இன்ஜினின் உள்பகுதிக்கு மட்டுமே. காரிலிருந்து எடுத்து விமானத்தில் வைத்த இன்ஜின் நடுவானில் நின்றால், எரிபொருள், மின்சாரம், குளிரூட்டல், கியர்பாக்ஸ் இந்த நான்கில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

*புரொப்பெல்லரை ஷாஃப்டில் நேராக மாட்டினால் கியர்பாக்ஸ் எடை மிச்சமாகுமே? (பென்னாகரம்)*

1.8 மீட்டர் புரொப்பெல்லரை 6,000 சுற்றில் சுழற்றினால் அதன் நுனி வினாடிக்கு 560 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமோ சுமார் 340. இரைச்சல் கிடைக்கும், இழுவை கிடைக்காது. 2.17 விகித கியர்பாக்ஸ் வைத்தால் அதே 6,000 சுற்று சுமார் 2,765 ஆகிவிடும்.

*முதல் உலகப்போர் ரோட்டரி இன்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெய்தானாமே? நம் பக்கம் விளைவதையே ஊற்றலாமா? (காவேரிப்பட்டணம்)*

அது வேறு இன்ஜின். நோம், லெ ரோன் போன்றவற்றில் சிலிண்டர்களே சுழலும். ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அங்கே பயன்பட்டது. வான்கெலில் ஊற்றினால் பிசின் படிந்து, ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல் ஒட்டிக்கொள்ளும். சீல்களுக்கு எண்ணெய் தரும் மீட்டரிங் பம்ப்பை நீக்கியிருந்தால், லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 8 மில்லி நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலவுங்கள். எந்த இன்ஜின் என்று பார்த்துவிட்டுக் கேள்வி எழுதினால் இருவருக்கும் நேரம் மிச்சம்.

*ஓசூர் உயரத்தில் சக்தி குறைகிறது. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வைத்து 300 குதிரைத்திறன் எடுக்கலாமா? லெ மான்ஸ் கார் பந்தயத்தில் வென்ற மஸ்டா 700 எடுத்ததே? (ஓசூர், இதே கேள்வி சூளகிரி, கிருஷ்ணகிரியிலிருந்தும்)*

1991-இல் லெ மான்ஸில் வென்ற 787பி காரில் இருந்தவை நான்கு ரோட்டர்கள். உங்களிடம் இருப்பவை இரண்டு. பந்தயம் முடிந்ததும் அந்த இன்ஜினைக் கழற்றிப் பிரித்துப் பார்க்க ஒரு குழுவே காத்திருந்தது. உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

சக்தி குறைவது உண்மைதான். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி. வெயில் 35 டிகிரி தொட்டால் இன்ஜினுக்கு அது 6,000 அடி மாதிரி. 160 குதிரைத்திறன் 130 ஆகிவிடும். அதற்காக 300 கேட்கும் இத்தனை பேரில் ஒருவர்கூடத் தம் ரேடியேட்டரின் அளவை எழுதவில்லை. என் வருத்தமே இதுதான். எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறத்தாழ கால் பங்குதான் புரொப்பெல்லருக்குப் போகிறது. அதே அளவு சூட்டை, சற்றுக் கூடுதலாகவே, கூலன்ட்டும் ஆயிலும் வெளியேற்றியாக வேண்டும். அதிலும் மூன்றில் ஒரு பங்கு ஆயிலின் பாடு. சக்தியை இரட்டிப்பாக்கினால் இந்தச் சூடும் இரட்டிப்பாகும். இன்ஜினை மூடும் கவுலிங்கில் இடம் அப்படியேதான் இருக்கும். மேலே ஏறும்போது த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும், காற்று வேகமோ குறைவு. சூடு ஏறுவது அப்போதுதான். சமமாகப் பறக்கும்போது மீட்டரைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

டர்போவுக்கு இன்னும் இரண்டு ஆபத்துகள். ரோட்டரியின் எக்ஸாஸ்ட் புகை 900 டிகிரியைத் தாண்டும். சாதாரண கார் டர்போ அதை நெடுநேரம் தாங்காது. டெட்டனேஷன் வந்தால், அதாவது கலவை சீராக எரியாமல் வெடித்தால், சில வினாடிகளில் அபெக்ஸ் சீல் உடைந்து, அந்தத் துண்டு டர்போவையும் சிதைத்துவிட்டுத்தான் வெளியே போகும்.

பெங்களூரு என்.ஏ.எல். (தேசிய விண்வெளி ஆய்வகம்) உருவாக்கிய ஹன்சா-3 விமானத்தில் டர்போ உண்டே என்பீர்கள். அதிலுள்ள ரோட்டாக்ஸ் 914 தருவது 115 குதிரைத்திறன். அதையும் 5 நிமிடங்களுக்குத்தான் அனுமதிக்கிறார்கள். பிறகு 100. தொழிற்சாலையே தன் இன்ஜினுக்கு இப்படிக் கடிவாளம் போடுகிறது.

டர்போ வைத்தே தீருவேன் என்றால், கடல் மட்டத்தில் கிடைக்கும் 160-ஐ ஓசூரில் திரும்பப் பெற மட்டும் வையுங்கள். அதற்கு முன் ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியைச் சரிசெய்யுங்கள்: சிறிய வாய், மெல்ல விரியும் பாதை, ஓரங்களில் கசிவில்லாத அடைப்பு, தாராளமான வெளியேற்றம். ஏற்றத்தில் ஆயில் 95 டிகிரியைத் தாண்டினால் த்ராட்டிலைக் குறையுங்கள். கூலன்ட் அழுத்த மீட்டர் கட்டாயம். கூலன்ட் கொட்டிப்போனால் வெப்ப சென்சார் வெறும் காற்றில் நின்று குறைந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். அழுத்த மீட்டர்தான் உண்மையைச் சொல்லும்.

*பங்கில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் சரிப்படுமா? (பர்கூர்)*

ஆக்டேன் போதும். சிக்கல் வேறு இடத்தில்: எத்தனால் சில ஃபைபர் டேங்க் பிசின்களையும் பழைய ரப்பர் ஹோஸ்களையும் இளக்கும், தண்ணீரை இழுக்கும், சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைக்கும் ஆவி அடைப்பைக் கூட்டும். அதே சக்திக்கு 6, 7 சதவீதம் கூடுதலாகக் குடிக்கும். மிக்ஸ்சரை மாற்றாவிட்டால் லீனாக, அதாவது காற்று மிகுந்து எரிபொருள் குறைந்து, ஓடும். எரிபொருள் பம்புகளை, கட்டாயம் இரண்டு, டேங்க் மட்டத்துக்குக் கீழே, சூடு படாத இடத்தில் வையுங்கள். எத்தனால் இருக்கிறதா என்றறிய அளவுக் குழாயில் பெட்ரோலுடன் சிறிது தண்ணீர் சேர்த்துக் குலுக்குங்கள். அடியில் தண்ணீர் மட்டம் கூடினால் இருக்கிறது.

*பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் இன்ஜின் வாங்கினேன். கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். பொருத்தலாமா? (தேன்கனிக்கோட்டை)*

எந்த கேஜில் பார்த்தார்? எவ்வளவு வந்தது? எதுவுமே எழுதவில்லை. சாதாரண பிஸ்டன் கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் உயர்ந்த எண்ணை மட்டும் பிடித்துக் காட்டும். ஒரு சீல் போயிருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கான டெஸ்டரில் மூன்று துடிப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு, முடிவு என்னவாக இருந்தாலும், முழுதாகப் பிரித்துப் புதிய சீல்கள் போடுங்கள்.

*ஒரு இக்னிஷன் போனால் ஓடுமா? (அரூர்)*

ஓடும். ஒரு ரோட்டருக்கு லீடிங், ட்ரெயிலிங் என இரண்டு பிளக். லீடிங் மட்டும் எரிந்தால் சிறு இழப்பு, ட்ரெயிலிங் மட்டும் என்றால் அதிகம். ஆனால் இரண்டும் ஒரே பேட்டரியில் தொங்கினால் பயனில்லை.

*இந்தியாவில் வான்கெல் பறந்திருக்கிறதா? (ஊத்தங்கரை)*

உங்களுக்குப் பக்கத்திலேயே. 2009-இல் கோலார் அருகே, நிஷாந்த் ஆளில்லா விமானத்தில். 55 குதிரைத்திறன், உள்நாட்டுத் தயாரிப்பு.

*பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் டிரெய்லரோடு போய் ஓட்டிப் பார்க்கலாமா? (ஓசூர்)*

அது தனியார் ஓடுதளம். எழுத்து மூலம் அனுமதி, டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஒப்புதல் இரண்டும் இல்லாமல் கேட்டைக்கூட நெருங்காதீர்கள். அதுவரை ஷெட்டிலேயே கட்டிவைத்து ஓட்டுங்கள். கூலன்ட் அழுத்த மீட்டர் மாட்டிய பிறகு.