தகவமைவது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகப் பயிற்சி வகுப்பு ஒன்றில் திரையில் ஒரு வாசகம் காட்டினார்கள். வலியதும் பிழைப்பதில்லை, அறிவுள்ளதும் பிழைப்பதில்லை, மாற்றத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வதே பிழைக்கும் என்று. கீழே டார்வின் பெயர். புதிய வேலைமுறைக்கு நாங்கள் ‘அடாப்ட்’ ஆகவேண்டும் என்பதற்காகக் காட்டியது. அதே வாரம் ஒரு நாவல் படமானதைப் பற்றிய பேச்சிலும் அதே சொல் வந்தது. கம்பராமாயணமே ஓர் அடாப்டேஷன்தான் என்றார் ஒருவர். பூச்சி, மனிதன், காவியம் மூன்றும் செய்வது ஒரே காரியமா? தமிழில் இவற்றை எப்படிச் சொல்வது?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த வாசகம் டார்வின் எழுதியதில்லை. லியான் மெகின்சன் என்ற அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் 1963இல் டார்வினைத் தனக்குப் புரிந்தபடி சுருக்கிச் சொன்னார். கைமாறிக் கைமாறி அதற்கு மேற்கோள்குறியும் டார்வின் பெயரும் ஏறிவிட்டன. ‘தக்கது பிழைக்கும்’ என்பதுகூட ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் போட்ட தொடர். டார்வின் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல்தான் அதைச் சேர்த்துக்கொண்டார். யார் சொன்னால் என்ன என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த வாசகத்தில் எழுவாயே தப்பு.

பெப்பர்டு மாத் என்கிற அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சிறகில் மிளகுப்பொடி தூவியது போன்ற புள்ளிகள். பாசி படர்ந்த மரப்பட்டையில் உட்கார்ந்தால் பறவைக்குத் தெரியாது. 1848இல் மான்செஸ்டரில் முழுக்கக் கறுத்த ஒன்று பதிவானது. ஆலைப்புகையில் மரங்கள் கறுத்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு. இதில் எந்த வெள்ளைப் பூச்சியும் கறுப்பாக மாறவில்லை. சிறகு விரிந்தபோது என்ன நிறமோ, சாகும்வரை அதே நிறம். வெள்ளைகளைப் பறவைகள் அதிகம் தின்றன, கறுப்புகள் அதிகம் முட்டையிட்டன. காரணமான மரபணு மாற்றமும் 2016இல் தெரிந்துவிட்டது: கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று, சுமார் 22,000 எழுத்து நீளம், போய் உட்கார்ந்துகொண்டது. புகை வரப்போகிறது என்று அது உட்காரவில்லை. பின்னால் காற்று சுத்தமானபோது கறுப்புகள் தின்னப்பட்டு வெள்ளைகள் பெருகின. மாறியது கூட்டத்தின் விகிதம். தனிப் பூச்சிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, சாவதைத் தவிர.

வேடிக்கை என்னவென்றால், இதே பூச்சியின் புழு நிஜமாகவே மாறிக்கொள்கிறது. குச்சிபோல விறைத்து நிற்கும் அந்தப் புழு, இருக்கும் குச்சி பழுப்பென்றால் பழுப்பாகும், பச்சையென்றால் பச்சையாகும். உடனே இல்லை, வளர வளர. கண்களின் மேல் கறுப்புச் சாயம் பூசி மறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் குச்சியின் நிறத்துக்கு வந்தது. தோலாலேயே நிறத்தை அறிகிறது என்று 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆக ஒரே பூச்சியில் இரண்டு சங்கதிகள். உங்கள் பயிற்சியாளர் புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டு அந்துப்பூச்சியின் படத்தைக் காட்டியிருக்கிறார்.

மனித உடல் செய்வது பெரும்பாலும் புழு செய்வதுதான். வெயிலில் கடும் வேலைக்குப் புதிதாக வருபவரின் உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. இதை அவசரப்படுத்த முடியாது. புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம், பிறகு நாளொன்றுக்கு 20 சதவீதம் கூட்டுவது தொழில் பாதுகாப்புத் துறையில் பரிந்துரைக்கப்படும் கணக்கு. பழைய ஆள் இடைவெளிவிட்டுத் திரும்பினால் 50, 60, 80, நாலாம் நாள் 100. முதல் நாளே முழுச் சுமையை ஏற்றும் இடத்தில்தான் ஆட்கள் சுருண்டு விழுகிறார்கள். இன்னொரு தப்பு அதைவிடப் பரவலானது: ‘பழகிவிட்டவனுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும்’ என்பது. பழகிய உடல் அதிகம் வியர்க்கிறது, ஆகவே அதிகம் குடிக்கவேண்டும். வேலையை விட்டு ஒரு மாதம் இருந்தால் இத்தனையும் போய்விடும். பிள்ளைக்கும் போகாது.

பழக்கமும் பரிணாமமும் எதிரெதிர்த் திசையில்கூடப் போகலாம். சமவெளி ஆள் உயரமான மலையில் சில வாரம் தங்கினால் சிவப்பணுக்கள் கூடும். அளவு மீறினால் ரத்தம் தடித்து அதுவே நோயாகும். தலைமுறை தலைமுறையாகத் திபெத்திய மேட்டுநிலத்தில் வாழ்பவர்களிடம் பரவியிருக்கும் ஈபாஸ்1 என்ற மரபணுவின் வடிவமோ அந்தக் கூடுதலை அடக்கிவைக்கிறது. பழக்கம் எதைச் செய்கிறதோ அதைச் செய்யாதிருப்பதுதான் அங்கே தகவு.

அலுவலகத்துக்கு வருகிறேன். டார்வினைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், தின்னப்பட்ட வெள்ளைப் பூச்சிகளின் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். உங்களையே பழகச் சொல்கிறார்கள் என்றால் பொருந்துவது வெயில் கணக்கு: முதல் வாரம் எவ்வளவு சுமை, எத்தனை நாளில் முழு வேகம், அதுவரை யார் கைகொடுப்பார்கள். இவை மூன்றும் இல்லாமல் ‘மாறிக்கொள்’ என்பது முதல் நாளே நூறு சதவீதம் ஏற்றுவது.

இலக்கியத்தில் நிலைமை வேறு. அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து முடிவெடுக்கிறார். வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலை ஒரு கையாலும் தொடைகளை மறு கையாலும் பற்றித் தூக்குகிறான். கம்பன் அவளைத் தொடவிடவில்லை; பர்ணசாலையோடு ஒரு யோசனை (பழைய தூர அளவு) நிலத்தைப் பெயர்த்துத் தேரில் வைக்கச் செய்கிறான். கவர்ந்து செல்லுதல் அப்படியே இருக்கிறது, விதம் மட்டும் மாறுகிறது. இதோடு விட்டிருந்தால் சாதாரணக் கவி. குடிசையைத் தூக்கிவந்தாயிற்றே, அது எங்கே போயிற்று? சுந்தரகாண்டம் முடியும் இடத்தில் அனுமன் இராமனிடம் சொல்கிறான்: சீதை இருப்பது ‘உம்பி புல்லினால் தொடுத்த தூய சாலையில்’. இலக்குவன் வேய்ந்த அதே குடில், இலங்கைச் சோலையில். ஆரணியத்தில் ஒரு முடிச்சை மாற்றினால் அதன் நூல் எங்கெல்லாம் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும்.

நாவலைத் திரைக்கதையாக்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திரைக்கதையில் ஒரு பக்கம் தோராயமாக ஒரு நிமிடம். 400 பக்க நாவல் 120 பக்கத்துக்குள் வரவேண்டும். அத்தியாயம் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி எழுதிப் பார்ப்பது நல்லது: யாருக்கு என்ன வேண்டும், முடிவில் என்ன மாறியது. ஒன்றுமே மாறாத அத்தியாயத்தை எடுத்துவிடலாம். ஆனால் எடுத்ததில் ஒரு கடிதமோ பொய்யோ பிறந்திருந்தால், அதைப் பின்னால் நம்பியிருக்கும் காட்சிகளைத் தேடித்தேடிச் சரிசெய்யவேண்டும். மனவோட்டத்தைப் பின்னணிக்குரலில் ஏற்றுவது சோம்பல். அதற்கு ஒரு செயலோ பொருளோ கண்டுபிடிக்கவேண்டும், அந்தக் குடிலைப் போல.

சொல் விஷயம். பாடநூல்களில் ‘தகவமைப்பு’ என்கிறார்கள். அமைதல் தன்வினை, அமைத்தல் பிறவினை. ‘தகவமைத்துக்கொண்டது’ என்று எழுதும்போதே பூச்சி திட்டம்போட்டுச் செய்ததுபோல் ஆகிவிடுகிறது. உயிரினத்துக்குத் ‘தகவமைவு’ என்றால் பிழை பாதி குறையும். தனி உடலுக்குப் ‘பழகுதல்’ போதும், அதைவிடத் துல்லியமான சொல் எனக்குத் தெரியவில்லை. நாவல் படமானால் ‘தழுவல்’. கம்பனுக்கு அதைப் போடமாட்டேன். தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி, முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலை வகுக்கும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்கு சொல்கிறது. கம்பன் செய்தது வழிநூல். பெயர்களையே பாருங்கள்: லக்ஷ்மணன் இலக்குவன் ஆகிறான், விபீஷணன் வீடணன். வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தினால்தான் வடசொல் உள்ளே வரலாம் என்பதும் தொல்காப்பிய விதிதான்.