பழைய டெஸ்க்டொப்பில் ரேமை (தற்காலிக நினைவகத்தை) 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினால் பல வேலைகளை ஒன்றாகச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் கடைக்குப் போக முதல் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். நான் பார்க்காமல் போய்ப் பட்டவள்.

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மெஷின் பழைய ஐ3, 4 ஜிபி. வேர்டில் இரண்டு கோப்பு, குரோமில் பத்துப் பன்னிரண்டு டாப், பக்கத்தில் ஒரு பிடிஎஃப். இதற்கே மவுஸ் நின்று நின்று நகரும், ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரியும். ரேமில் இடம் முடிந்ததும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கிறது. வேர்டிலிருந்து குரோமுக்கு மாறும்போதெல்லாம் அங்கிருந்து திரும்ப எடுக்க வேண்டும். அந்த இழுபறிதான் நமக்கு 'ஸ்லோ'.

கடையில் இன்னொரு 4 ஜிபி பூட்டித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், 8 ஜிபி என்று போட்டுப் பக்கத்திலேயே 'பயன்படுத்தக்கூடியது 3.41' என்று காட்டுகிறது! என்னுடையது 32 பிட் விண்டோஸ். வீட்டுக் கணினிகளில் அதற்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது. அதிலும் ஒரு பங்கை கிராபிக்ஸ் போன்றவை பிடித்துக்கொள்ளும். வாங்கிய ரேம் ஐந்து சதத்துக்கும் பிரயோசனமில்லை. 32 பிட்டின் மேலேயே 64 பிட்டாக மாற்றவும் முடியாது. கோப்புகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். போட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அதற்குப் பிறகு நல்ல வித்தியாசம்.

இன்னொன்று, வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் டாஸ்க் மேனேஜரில் மெமரி தொண்ணூறு வீதத்தைத் தொட்டால் ரேம் வாங்கலாம். பாதியில் நின்றும் மெஷின் இழுத்தால் குற்றம் ரேமில் இல்லை, அந்தக் காசுக்கு ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போடுங்கள்.

ரேமிலும் டிடிஆர்2, டிடிஆர்3 என்று வகைகள் உண்டு. இரண்டுக்கும் 240 பின்தான் (விளிம்பிலுள்ள பற்கள்), ஆனால் அந்த விளிம்பிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஏறாவிட்டால் அழுத்தாதீர்கள். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. என்னுடைய ஐ3 போல இன்டெல் போர்டு என்றால், மலிவாகக் கிடைக்கும் 'ஏஎம்டிக்கு மட்டும்' (இன்டெலின் போட்டிக் கம்பனிக்கு மட்டும்) டிடிஆர்3 பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம், கடற்காற்று. ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்துப் பார்த்தேன், தங்க நிறப் பற்கள் மங்கிப் போயிருந்தன. மகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். திரை வந்துவிட்டது. அழிறப்பர் இப்போது என் மேசை லாச்சியில். மகளுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தாயிற்று.