ரிங் கழற்றி ஏழு மாதம் ஆகியும் உடற்பயிற்சிக்குப் பிறகு வலி ஏன் நிற்கவில்லை?

கேள்வி: சார், எனக்கு வயது 26. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் வலது கால் முட்டிக்குக் கீழே வளர்ச்சி நின்றுபோய், 4 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. காலைச் சுற்றி வெளியே வளையங்கள் வைத்து, கம்பிகளால் எலும்போடு இணைக்கிற இலிசரோவ் ரிங் போட்டு நீட்டினார்கள். ரிங் கழற்றி ஏழு மாதம் ஆகிறது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நடக்கலாம், உடற்பயிற்சியும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதமாகத் தினமும் 3 கிலோமீட்டர் நடக்கிறேன், வாரம் மூன்று நாள் ஜிம்மில் ஸ்குவாட் செய்கிறேன். செய்யும்போது பெரிதாக வலிப்பதில்லை. ராத்திரி ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் ஆடுசதையிலும் கணுக்காலின் முன்பக்கத்திலும் வலி இருந்துகொண்டே இருக்கிறது. குறைவதற்குள் அடுத்த ஜிம் நாள் வந்துவிடுகிறது. உள்ளே ஏதாவது உடைந்திருக்குமா? உடற்பயிற்சியை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது செய்கிற அளவிலேயே தொடரவும் வேண்டாம். நீங்கள் சொல்கிற வலி, எலும்பில் ஏதோ உடைந்த வலி மாதிரி தெரியவில்லை. அது பெரும்பாலும் சதை இறுக்கத்தால் வருகிற வலி. காலைத் தொட்டுப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் எந்த வலி வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

முதலில் உங்கள் காலுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1950-களில் சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசரோவ் உருவாக்கிய முறை இது. எலும்பை வெட்டி, சில நாள் விட்டு, பிறகு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போனால், அந்த இடைவெளியில் புது எலும்பு முளைக்கும். அந்த 1 மில்லிமீட்டரையும் கால் கால் மில்லிமீட்டராக நாலு தடவை திருகியிருப்பீர்கள். இதைவிட ரொம்ப மெதுவாகப் போனால் எலும்பு முன்கூட்டியே கூடிவிடும். வேகமாகப் போனால் புது எலும்பு சரியாக உருவாகாது, நரம்பும் சதையும் தாங்காது. உங்கள் 4 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 40 நாள் ஆகியிருக்கும். அதற்கப்புறம் பல மாதம் ரிங்கோடு இருந்தது, முளைத்த எலும்பு கெட்டிப்படுவதற்காக.

எலும்புக்கு இடைவெளி கிடைத்தால் புதிதாக முளைக்கத் தெரியும். சதைக்கு அந்த வசதி கிடையாது. ஆடுசதை இழுபட்டு இழுபட்டுத்தான் நீண்டது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் புது இழைக்கூறுகளைச் சேர்த்துக்கொள்ளும், ஆனால் எலும்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆடுசதையைக் குதிகாலோடு இணைக்கிற குதிநாணும் சதையைச் சுற்றியுள்ள உறையும் இன்னும் முரண்டு பிடிக்கும். சதையின் வழியாகக் கம்பிகள் போன இடங்களில் தழும்பு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேயில் இவை எதுவும் தெரியாது. 'எலும்பு கூடிவிட்டது' என்று டாக்டர் சொன்னது முழு உண்மை. அவர் சொன்னது எலும்பைப் பற்றி. சதை பழைய பலத்துக்கும் நீளத்துக்கும் வர ஒரு வருடமோ அதற்கு மேலோ பிடிக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கலாம். 4 சென்டிமீட்டர் குட்டையான காலோடு வளர்ந்த பிள்ளைகள் பலர், தங்களை அறியாமலே அந்தக் காலின் குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் ஊன்றி நடந்து பழகிவிடுகிறார்கள். உயரம் வைத்த செருப்பு போட்டவர்களுக்கும் இதே கதைதான், குதிகால் எப்போதும் மேலேயே இருக்கும். அப்படிப் பதினைந்து வருடம் நடந்தால், அறுவை சிகிச்சைக்கு முன்பே ஆடுசதை குறுகிப்போயிருக்கும். குறுகிய சதையை மேலும் 4 சென்டிமீட்டர் இழுத்திருக்கிறோம். ஆடுசதையும் கணுக்கால் முன்பக்கமும் சேர்ந்து வலிப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது, குதிகால் தரையில் இருக்க, முட்டி பாதத்துக்கு முன்னால் போக வேண்டும். ஆடுசதை விட்டுக்கொடுக்காவிட்டால் கணுக்கால் ஒரு கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். நீங்கள் பாரத்தோடு அதையும் மீறி இறங்கினால், பின்னால் சதை இழுபடும், முன்னால் மூட்டு நசுங்கும். வலி இரண்டு இடத்தில் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான். இந்தியன் டாய்லெட்டில் உட்காரும்போது வலது குதிகால் மட்டும் தூக்கிக்கொள்கிறதா? அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குக் கொண்டுபோய், கடைசியாகத் தொட்ட நிலையில் கட்டை விரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலிலும் செய்யுங்கள். இடது காலில் 10 சென்டிமீட்டரும் வலது காலில் 4-ம் வந்தால், அந்த 6 சென்டிமீட்டர் வித்தியாசம்தான் உங்கள் முதல் வேலை. ஸ்குவாட்டில் எத்தனை கிலோ தூக்குகிறோம் என்பதெல்லாம் அப்புறம்.

இப்போது, காத்திருக்கக் கூடாத வலிகள். புது எலும்பு முளைத்த இடத்தை ஒரு விரலால் சுட்டிக்காட்டி 'இங்கேதான்' என்று சொல்ல முடிகிற வலி, ஊன்றும்போது கூடுகிற வலி, சும்மா படுத்திருக்கும்போதும் குடைகிற வலி என்றால், அன்றே உடற்பயிற்சியை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள். ரிங் கழற்றிய பிறகு புது எலும்பு மெல்ல வளைவதோ, அதில் கீறல் விழுவதோ நடக்கக்கூடியதுதான். கால் முன்பைவிட வளைந்து தெரிந்தாலும் அப்படியே. பல மாதம் சரியாக ஊன்றாததால் பாத எலும்புகளும் வலுவிழந்திருக்கும். அங்கேயும் ஒரு புள்ளியில் வலி வந்தால் அலட்சியம் வேண்டாம். கம்பி இருந்த ஓட்டை எதுவாவது சிவந்து, சூடாகி, நீர் கசிந்தால், கூடவே காய்ச்சல் வந்தால், எலும்பில் கிருமித் தொற்று இருக்கலாம். எரிச்சல், மரத்துப்போதல், பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் போவது எல்லாம் நரம்பின் அறிகுறி. ஆடுசதை திடீரென்று ஒரு காலில் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனை போக வேண்டும். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம். பழக்கமில்லாத உடற்பயிற்சிக்குப் பிறகு வருகிற சாதாரண சதைவலி யாருக்கும் உண்டு. அடுத்த நாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் அடங்கும், கொஞ்சம் நடமாடினால் குறையும். உங்கள் வலியின் ஒரு பங்கு இதுதான். ஆனால் ஒரே மாதத்தில் தினசரி நடையையும் ஸ்குவாட்டையும் சேர்த்துத் தொடங்கிவிட்டீர்கள். இரண்டில் எது வலியைத் தருகிறது என்றே இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இரண்டு வாரத்துக்குப் பாரத்தோடு ஸ்குவாட் வேண்டாம். நடையை 1.5 கிலோமீட்டராக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்கள். நடக்காத நாளில் சைக்கிள் ஓட்டலாம். பக்கத்தில் நீச்சல் குளம் இருந்தால் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது இந்தக் காலுக்கு மிக நல்லது, உடல் எடையில் பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு மறுநாள் காலைதான் அளவுகோல். பத்துக்கு எத்தனை என்று வலிக்கு மதிப்பெண் போடுங்கள். செய்யும்போது மூன்று வரை இருக்கலாம். மறுநாள் காலை எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது, உடற்பயிற்சிக்கு முந்தைய நிலைக்கு அது திரும்பியிருக்க வேண்டும். திரும்பியிருந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம், தூரத்தையோ பாரத்தையோ ஏதாவது ஒன்றை மட்டும். திரும்பவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். இந்தச் சின்னக் கணக்கைப் பொறுமையாகப் பின்பற்றுகிறவர்கள்தான் முன்னேறுகிறார்கள். நல்ல நாளில் சேர்த்துச் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுகிறவர்கள் ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

சதையை நீட்டுவது தினசரி வேலை. சுவரில் கை ஊன்றி, வலது காலைப் பின்னால் வைத்து, முட்டியை நேராக வைத்தபடி முன்னால் சாயுங்கள். குதிகால் தரையில் இருக்கட்டும். 30 வினாடி. பிறகு அதே நிலையில் முட்டியை லேசாக மடக்கி இன்னொரு 30 வினாடி. இரண்டும் தேவை, ஏனென்றால் ஆடுசதையில் இரண்டு அடுக்கு உண்டு. மேல் அடுக்கு முட்டியையும் தாண்டிப் போகிறது, அது முட்டி நேராக இருந்தால்தான் நீளும். கீழ் அடுக்கு முட்டி மடங்கினால்தான் இழுப்பை உணரும். நாலு தடவை, நாளைக்கு மூன்று வேளை. துள்ளக் கூடாது. வலுவுக்கு, இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி நிற்பதில் தொடங்குங்கள். அது 20 தடவை வசப்பட்டபின் வலது காலால் மட்டும். ஸ்குவாட்டுக்குப் பதிலாக நாற்காலி உயரம் வரை உட்கார்ந்து எழுந்தால் போதும். ஓட்டமும் குதிப்பதும் உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான்.

உடற்பயிற்சிக்கு முன் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மறுநாள் காலை காட்டுகிற வலியை அது மறைத்துவிடும். சிகரெட் இருந்தால் அதையும் விட வேண்டும், எலும்பு கெட்டிப்படுவதை அது நேரடியாகத் தாமதப்படுத்தும். தழும்புகளைச் சுற்றி எண்ணெய் தடவி விரலால் மெதுவாகத் தேய்க்கலாம், தோல் ஒட்டியிருந்தால் தளரும். ஆனால் வேறு யாரோ காலைப் பிடித்து முறுக்கி, அழுத்தி, 'சொடக்கு எடுத்து' விடுகிற வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். ரிங் கழற்றி ஏழு மாதமே ஆன எலும்பு அதைத் தாங்காது.

ரிங் இல்லாமல் எலும்புக்குள் கம்பி வைத்து நீட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் சதைக்கணக்கு இதேதான். கூடுதலாக, ஸ்க்ரூ இருக்கும் இடத்திலும் கம்பி நுழைந்த முட்டிப்பக்கத்திலும் வலி வரலாம். ஸ்ட்ரைட் என்ற எஃகுக் கம்பி, அதன் இணைப்புப் பகுதியில் அரிப்பும் சுற்றியுள்ள எலும்பில் மாற்றங்களும் தெரிந்ததால் 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. எந்தக் கம்பி வைத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துக்கொள்ளுங்கள், விடாத வலி இருந்தால் அதோடு டாக்டரைப் பாருங்கள்.

உங்களிடம் வருகிறேன். இந்த இரண்டு வாரமும் தேதி, நடந்த தூரம், இரவு வலி, காலை வலி, சுவர்ச் சோதனையின் சென்டிமீட்டர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வலி பாதியாகக் குறைந்தால் மெல்லக் கூட்டிக்கொண்டே போகலாம். அப்படியே இருந்தால் நோட்டோடு உங்கள் டாக்டரிடம் போய், நின்றபடி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுக் காலுக்கும் எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நீட்டும்போது கால் கொஞ்சம் கோணியிருக்கிறதா, பக்கத்திலுள்ள ஒல்லி எலும்பு கூடியிருக்கிறதா, இரண்டு காலும் இப்போது சமமா என்று அதில் தெரியும். பழைய உயரச் செருப்பை இன்னும் போட்டுக்கொண்டிருந்தால், அதையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.