கார் லெதர் சீட்: நிறம் பூசும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர்

நிறம் போன கார் சீட்டை வீட்டிலேயே சரிசெய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் வேறுவேறு ஆட்கள் என்றாலும், பதில்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. ஒரே மூச்சில் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

கேள்வி: ஒன்பது வருடமான கார். ஓட்டுநர் சீட்டில் நான் ஏறி இறங்கும் பக்கத் திண்டு மட்டும் நிறம் போய், கோடு கோடாக வெடித்திருக்கிறது. மற்ற சீட்டெல்லாம் நன்றாகவே இருக்கின்றன. உறையை முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். இணையத்தில் கலர் கிட் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அதற்கு முன் அந்தச் சீட் தோல்தானா என்று பார்த்துவிடுங்கள்.

சிரிக்காதீர்கள். லெதர் சீட் என்று சொல்லி விற்கப்படும் எத்தனையோ கார்களில், நாம் உட்காரும் பரப்பும் முதுகு சாயும் பரப்பும் மட்டும்தான் தோல். பக்கங்களும் பின்புறமும் ரெக்சின். சிலவற்றில் முழுசும் ரெக்சின்தான். பெயரில் மட்டும் லெதர் ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்ந்த இடத்தையே உற்றுப் பாருங்கள். நிறம் போன இடத்தில் நார் நாராக, தொட்டால் மெத்தென்று இருந்தால் அது தோல். அடியில் துணியின் நெசவு தெரிந்தாலோ, மேல் படலம் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தாலோ அது செயற்கை. உரியும் செயற்கைத் தோலுக்கு எந்தக் கிட்டும் நிரந்தர வைத்தியம் இல்லை. பூசிய நிறம் நன்றாகவே ஒட்டும், ஆனால் ஒட்டிய படலமே கழன்று வரும்போது நிறம் என்ன செய்யும்?

தோல் என்று உறுதியானால், நன்றாக இருக்கும் ஒரு இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் அது நிறமி பூசிய தோல். கார்களில் பெரும்பாலும் இதுதான். சட்டென்று உறிஞ்சிக் கறுத்தால், மேல்பூச்சு இல்லாத அனிலைன் வகை. அபூர்வம், கையாள்வதும் கஷ்டம். இதே சோதனையைத் தேய்ந்த இடத்தில் செய்தால் நிச்சயம் உறிஞ்சும். அங்கே பூச்சு போய்விட்டது என்றுதான் அதற்கு அர்த்தம், வகையே வேறு என்று பயப்பட வேண்டாம்.

நிறமி பூசிய தோல் என்பது மூன்று அடுக்கு. அடியில் பதனிட்ட மாட்டுத் தோல், அதன்மேல் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு. ஏறி இறங்கும்போது உரசி உரசி முதலில் போவது மேல் இரண்டும்தான். வியர்வையும் தூசியும் சேர்ந்த அழுக்கு அதற்கு உப்புத்தாள் மாதிரி உதவி செய்கிறது. ஆக, பல சமயம் உங்கள் சீட்டில் கெட்டிருப்பது தோல் அல்ல, பெயின்ட். பெயின்ட்டை வீட்டில் திரும்பப் பூச முடியும்.

எதுவரை வீட்டு வேலை? விரல் நகத்தை வெடிப்பில் ஓட்டிப் பாருங்கள். நகம் லேசாகத் தட்டினால் கிட் போதும். வெடிப்பு தோலைத் தாண்டி உள்ளே ஃபோம் தெரிந்தால் கிட்டை மறந்துவிடுங்கள். அப்போதும் முழு உறையும் தேவையில்லை. சீட் உறை என்பது பல துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது. அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி மாற்றித் தர முடியுமா என்று சீட் தைப்பவரிடம் கேளுங்கள். முடியும் என்பவர் கிடைக்கும்வரை இரண்டு மூன்று இடத்தில் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: விலை கூடிய லெதர் கண்டிஷனர் இரண்டு பாட்டில் தீர்ந்துவிட்டது. சீட் பளபளப்பாகிறதே தவிர நிறமும் வரவில்லை, வெடிப்பும் மூடவில்லை. மட்டமான சரக்கா?

பதில்: சரக்கு நல்லதாகவே இருக்கலாம். உங்கள் எதிர்பார்ப்புதான் அதற்கு அதிகம். கண்டிஷனரில் நிறமி இல்லை. பாலியூரித்தேன் பூச்சு முழுசாக இருக்கும் இடத்தில் அது உள்ளே இறங்குவதும் இல்லை. மேலே நின்று பளபளக்கிறது, அவ்வளவுதான். தொழிற்சாலையிலிருந்து வரும் சீட் பெரும்பாலும் மங்கலான பரப்போடுதான் வரும். பழைய சீட் பளபளக்கிறது என்றால் அது எண்ணெயும் அழுக்கும்.

ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் வீடியோக்களை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போய்விடாதீர்கள். தோல் கறுக்கும், எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும், பின்னால் நிறம் பூச நினைத்தால் ஒட்டாது.

கேள்வி: டை, பாம், கலரன்ட் என்று மூன்று பெயரில் விற்கிறார்கள். எதை வாங்குவது? ஷூ பாலிஷ் போதும் என்கிறார் என் மைத்துனர்.

பதில்: மைத்துனர் சொன்னதை நான் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன். முதல் நாள் சீட் அருமையாக இருந்தது. இரண்டாம் நாள் என் வெள்ளைச் சட்டையின் முதுகில் சீட்டின் தையல் கோடுகூடப் பதிந்திருந்தது. ஷூ பாலிஷ் மெழுகு. உடம்புச் சூட்டில் இளகி துணிக்குப் போகும். அதைக் கழுவி எடுக்கப் பட்ட பாடு தனிக்கதை.

டை என்பது சாயம். தோலுக்குள் ஊறும், ஆனால் மறைக்காது. கறை மேல் சாயம் போட்டால் கறை தெரிந்துகொண்டேதான் இருக்கும். இருப்பதைவிட வெளிர் நிறத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஏற்கெனவே பூச்சு உள்ள தோலில் ஊற வழியில்லாமல் மேலேயே தங்கி, ஈரம் பட்டால் உரசி வரும். கார் சீட்டுக்கு வேண்டாம்.

பாம் என்பது மெழுகும் எண்ணெயும் கொஞ்சம் நிறமும் கலந்த குழம்பு. நிறம் லேசாக மங்கியிருக்கிறது, வெடிப்பு இல்லை, தோல் கொஞ்சம் உறிஞ்சுகிறது என்றால் இது பரவாயில்லை. துணியால் தடவித் துடைத்தால் முடிந்தது. தேய்ந்த திண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவிக்கொண்டே இருக்க நேரிடலாம்.

உங்களுக்குத் தேவை கலரன்ட். தண்ணீரில் கலந்த நிறமியும், காய்ந்தபின் வளைந்து கொடுக்கும் பிசினும் கலந்தது. கார் தொழிற்சாலையில் பூசியதற்கு ஏறக்குறைய உறவு. இது நிறத்தை மறைத்துப் பிடிக்கும்.

கிட் வாங்கும்போது கலர் பாட்டிலைப் பார்க்காதீர்கள், மற்ற பாட்டில்களைப் பாருங்கள். தோலுக்கான கிளீனர், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஆல்கஹால் கலந்த திரவம், மேலே பூசும் நிறமில்லாத சீலர் மூன்றும் இருக்கின்றனவா? வெடிப்பு இருந்தால் அதை நிரப்ப, வளையக்கூடிய ஃபில்லரும் வேண்டும். ஒரே பாட்டிலில் எல்லாம் முடியும், துடைக்கவே வேண்டாம், தோல், பிளாஸ்டிக், துணி எதற்கும் போடலாம் என்று எழுதியிருந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். சீலர் மேட் (மங்கல்), சாட்டின் (லேசான மினுக்கம்), கிளாஸ் (பளபளப்பு) என்று வரும். மேட் கேளுங்கள்.

நிறப் பொருத்தம்தான் அதிகம் ஏமாற்றும் இடம். கறுப்பு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கார் சீட்டில் நீலம் கலந்த கறுப்பும் உண்டு, பழுப்பு கலந்த கறுப்பும் உண்டு. பல கார்களில் கதவு நிலையில் ஒட்டிய பட்டையில் உள்அலங்காரக் குறியீடு இருக்கும். அதைச் சொல்லிக் கலக்கச் சொல்லலாம். ஆனாலும் ஒன்பது வருட வெயில் பட்ட சீட் அந்தக் குறியீட்டின்படி இருக்காது. ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி, அதை நன்றாகக் கழுவி, அதோடு ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. தனியாகக் கலந்து தரும் நிறத்தைப் பொதுவாகத் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் முதலில் மாதிரி பாட்டில் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கிட் வாங்கிவிட்டேன். கூடவே வந்த தாளில் நான்கு வரிதான் இருக்கிறது. எப்படிச் செய்வது?

பதில்: நான்கு வரியில் மூன்று, சுத்தம் பற்றி இருந்திருக்க வேண்டும்.

காரை நிழலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்துவையுங்கள். தூசியை உறிஞ்சி எடுத்தபின், கிளீனரை மென்மையான பிரஷ்ஷில் எடுத்து நுரைத்துத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். துணி அழுக்கில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்ப. குளியல் சோப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோப்புக் கட்டி காரம். தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம். சீட்டுக்கு அடியில் சென்சாரும் ஒயர்களும் இருக்கின்றன.

காய்ந்ததும், ஆல்கஹால் திரவத்தைத் துணியில் நனைத்துத் தேய்ந்த பகுதியை அழுத்தித் துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிகரெட் பக்கத்தில் வேண்டாம். துணியில் கொஞ்சம் நிறம் வரும். பதறாதீர்கள், வர வேண்டியதுதான். நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் கூடாது, அதில் உள்ள அசிட்டோன் பூச்சைக் கரைத்து இழுத்துவிடும்.

அப்புறம் 600 எண் உப்புத்தாளால் வெடிப்பின் மேல் லேசாக ஓட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் நார்களைச் சமப்படுத்துங்கள். ஃபில்லரை வெடிப்பில் மெல்லிய படலமாக இழுத்து, காயவிட்டு, மறுபடி இழுத்து, கடைசியில் தேய்த்துச் சமன் செய்யுங்கள். ஒரேயடியாக அப்பினால் உட்காரும்போது அதுவே புது வெடிப்பாகும். தேய்த்த தூசியைத் திரும்ப ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

இப்போதுதான் கலர். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், நிறமி அடியில் தங்கியிருக்கும். கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி பூசி, முழுசாகக் காய்ந்தபின் பாருங்கள்; ஈரத்தில் தெரியும் நிறம் இறுதி நிறம் அல்ல. சரி என்றால் ஸ்பாஞ்சில் கொஞ்சமே எடுத்து மெல்லிசாகத் தேய்த்துப் பூசுங்கள். முதல் கோட் திட்டுத் திட்டாக, அசிங்கமாகத்தான் இருக்கும். அங்கேதான் பலர் பயந்து இரண்டாவது கோட்டைத் தடிமனாகப் போட்டுக் கெடுக்கிறார்கள். மூன்று முதல் ஐந்து மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிடுதல். ஹேர் டிரையர் பயன்படுத்தலாம், தள்ளிப் பிடித்து. கடைசிக் கோட்டுகளைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தால் ஸ்பாஞ்சின் கோடு தெரியாது. திண்டின் நடுவில் நிறுத்தாமல் ஒரு தையல் கோடு வரை பூசி நிறுத்தினால், சின்ன நிற வித்தியாசத்தைத் தையலே மறைத்துக்கொள்ளும்.

மேலே சீலர், இரண்டு மெல்லிய கோட். சில சீலருடன் கடினமாக்கி என்று தனிக் குப்பி வரும். கலந்துவிட்டால் அன்றைக்கே பயன்படுத்தியாக வேண்டும், உங்கள் உடம்பில் படக் கூடாது. வீட்டில் அதை ஸ்பிரே செய்யாதீர்கள், ஸ்பாஞ்ச் போதும்.

ஒரு நாள் முழுக்க யாரும் உட்காரக் கூடாது. ஒரு வாரம் கிளீனர் போடக் கூடாது. புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு உட்காருவதையும் தள்ளிவையுங்கள். அதன் நீலம் சீட்டுக்கு வந்துவிடும்.

கேள்வி: சொன்னபடிதான் பூசினேன். மூன்றே வாரத்தில் செதில் செதிலாக உரிகிறது. விற்றவர் என் கைத்தவறு என்கிறார். யார் பக்கம் நியாயம்?

பதில்: கெட்ட விதத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். செதிலாக உரிந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம். பிசுக்கு முழுசாகப் போகவில்லை. நீங்கள் டேஷ்போர்டு பாலிஷ் போடும் ஆள் என்றால், அதில் உள்ள சிலிக்கோன் சீட்டிலும் படிந்திருக்கும். அதன்மேல் எதுவும் ஒட்டாது, சாதாரணக் கிளீனருக்கும் அது அசையாது. நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தால் சீலர் இல்லை அல்லது போதவில்லை. பிசுபிசுப்பு போகவே இல்லை என்றால் தடிமனாகப் பூசியிருப்பீர்கள், அல்லது பாட்டில் கெட்டுப்போனது.

உங்கள் கதை முதல் வகை, அதனால் விற்றவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கிட்டில் வந்த தாளை எடுத்துப் பாருங்கள். ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லியிருந்ததா? அந்தத் திரவம் கிட்டில் இருந்ததா? விற்பனைப் பக்கத்தில் முன்தயாரிப்பு வேலை தேவையில்லை என்று எழுதியிருந்ததா? அப்படி எழுதியிருந்தால் அது அவர் கொடுத்த வாக்கு. அந்தப் பக்கத்தையும், பாட்டிலின் பேட்ச் எண்ணையும், உரிந்த இடத்தையும் படமெடுத்து, ரசீதோடு எழுத்துமூலம் கேளுங்கள். தொலைபேசியில் வாதாடுவது காற்றோடு போகும். அவர் பதில் தரும்வரை உரிந்ததைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள், சாட்சி அதுதான்.

கேள்வி: பழுப்பு நிறச் சீட்டைக் கறுப்பாக மாற்றலாமா? சீட் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள், காற்று வரும் வகை. பக்கத்தில் ஏர்பேக் என்றும் எழுதியிருக்கிறது.

பதில்: வெளிரிலிருந்து கறுப்புக்குப் போவது சுலபம்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து உரசல் விழுந்தால் கறுப்புக்கு அடியிலிருந்து பழுப்பு எட்டிப்பார்க்கும். அதே நிறத்தில் பூசியிருந்தால் அந்த உரசல் கண்ணிலேயே படாது. கதவு உள்பக்கமும் பழுப்பாக இருந்தால், சீட்டை மட்டும் கறுப்பாக்குவது என் கண்ணுக்குப் பொருந்தவில்லை. அது உங்கள் ரசனை.

துளைகள் உள்ள பகுதியில் ஸ்பாஞ்ச் கிட்டத்தட்ட உலர்ந்தே இருக்க வேண்டும். அடைத்துக்கொண்ட துளையை ஈரம் காயும் முன் ஊசியால் திறந்துவிடுங்கள், காய்ந்தபின் முடியாது. ஏர்பேக் பக்கத்தில் மெல்லிய நிறப்பூச்சு பரவாயில்லை. அங்குள்ள தையலில் மட்டும் பசையோ ஃபில்லரோ போடாதீர்கள், நீங்களாகத் திரும்பத் தைக்கவும் வேண்டாம். ஏர்பேக் வெளியே வரும்போது கிழிந்து வழிவிடுவதற்கென்றே அந்தத் தையல் போடப்பட்டிருக்கிறது. சீட்டைக் கழற்றி வைத்துப் பூசினால் வசதி என்று தோன்றும்; அடியில் உள்ள ஏர்பேக் இணைப்பை உருவ வேண்டியிருக்கும் என்பதால் காரிலேயே வைத்துப் பூசுங்கள். முதுகு கொஞ்சம் வலிக்கும்.